பூவிழி, அவ்வளவுதான்

பூவிழி அனுப்பிய மூன்று வரித் திருத்தம் முதல் தடவை திரும்பி வந்ததற்கு முழுப் பொறுப்பும் அவளுடையதுதான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் மென்பொருள் அது. ஆனால் திருத்தத்தை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டும். நிறம், அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் எழுத்தாக. அவளோ தாசில்தாருக்கு மனு எழுதியே வளர்ந்த குடும்பம். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, பொருளை நீலத்தில் அடிக்கோடிட்டு, 'கருணை கூர்ந்து' என்று முடித்திருந்தாள். மனிதர் கண்ணில் படுவதற்கு முன்பே இயந்திரம் அதைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது.

விஷயம் இதுதான். குத்தாலத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா தங்கையனின் போர் மோட்டாரை ஃபோனிலிருந்தே போட்டு நிறுத்த ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குள் ஓடுவது இந்த மென்பொருள். கரண்ட் போய் வந்தால் பெட்டி பிரமை பிடித்தாற்போல நின்றுவிடும். குறுவை நாற்றங்கால் காயும். தங்கையன் வரப்பில் ஓடுவார். மயிலாடுதுறையில் அறையெடுத்துச் சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் பூவிழி பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். பெட்டி இப்போது நிற்பதில்லை. அதை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம், ஓரத்தில் தன் பெயரும் இருக்கும் என்று நினைத்தாள். பேராசை என்று சொன்னால் அவள் சண்டைக்கு வரமாட்டாள்.

அலங்காரத்தைக் கழற்றி மறுபடி அனுப்பினாள். மென்பொருளின் பொறுப்பாளர் யோனாஸ், பனி கொட்டும் ஏதோ ஊரில் இருப்பவர். சொற்களில் மட்டும் கஞ்சன். 'திருத்தம் சரி. கையொப்ப வரியில் முதற்பெயரும் குடும்பப்பெயரும் வேண்டும். விதி' என்று பதில் போட்டார். 'இது என் வேலை, நானே பொறுப்பு' என்று ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் வரும் வரி அது.

உடன் வேலை பார்க்கும் சதீஷ், எதையாவது போட்டுத் தொலை என்றான். ஊர்ப் பெயரைப் போடலாம், அவனவன் சாதியையே போடுகிறான், எவன் கேட்கிறான் என்றான். பூவிழி தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரைப் போட்டாள். அதையே குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு உடனே பதில் வந்தது: 'அருமை, தங்கையன்.' அடுத்த வெளியீட்டுக்கான வரைவுக் குறிப்பிலும் பிழையை நீக்கியவர் தங்கையன் என்றே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனவள், சிரிப்பு மூட்டலாம் என்று அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

"ஏம்மா, வேல பாத்தது நீ. எனக்கு எதுக்கு சபாஷு? நான் அந்தப் பொட்டிய ரெண்டு தட்டு தட்டுனேன்."

"பேருக்குப் பின்னாடி ஒண்ணு இருந்தே ஆகணுமாம்ப்பா."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "எங்கப்பா காலத்துல மிராசு வீட்டுல பேரைக் கேக்கவே மாட்டாங்க. பின்னாடி இருக்கறத மட்டும்தான் கேப்பாங்க. அத அத்து எறிஞ்சாச்சு. இப்ப இவருக்கு வேணுமாமா?"

பூவிழிக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, திருத்தம் அனுப்புகிறவர்கள் எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவுக்கே எழுதினாள்: 'தங்கையன் என் அப்பா. வேலை என்னுடையது. என் முழுப் பெயர் பூவிழி, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது சாதி. என் தாத்தா தூக்கி எறிந்ததை, மூன்று வரிக்காக நான் போய்ப் பொறுக்கி வர மாட்டேன்.' பழக்கதோஷத்தில் கடைசியில் 'தவறிருந்தால் மன்னிக்கவும்' என்று விழுந்தது. அழித்துவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் யோனாஸ் எழுதியிருந்தார்: 'புரிகிறது. உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன்.'

புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். பூவிழியும் 'நன்றி' வரை தட்டிவிட்டாள். அதற்குள் இந்தோனேசியாவிலிருந்து சுகியார்த்தோ சுகியார்த்தோ என்பவரின் கடிதம் குழுவில் வந்து விழுந்தது. தனக்கும் ஒரே பெயர்தான். விதிக்குப் பயந்து இத்தனை வருஷமாக அதையே இரண்டு தடவை எழுதி வருவதாகச் சொல்லியிருந்தார்.

பூவிழி 'நன்றி'யை அழித்தாள். அந்த விதி எழுதியிருந்த கோப்பையே திறந்தாள். 'முதற்பெயரும் குடும்பப்பெயரும்' என்பதை வெட்டி, 'உங்களை அழைக்கும் பெயர்' என்று வைத்தாள். 'விதிவிலக்கு வேண்டாம். பிழை விதியில் இருக்கிறது. திருத்தம் கீழே' என்று எழுதி, பூவிழி என்று மட்டும் கையொப்பமிட்டு அனுப்பினாள். இதற்காக மோட்டார் திருத்தமும் சேர்ந்தே குப்பைக்குப் போனால் போகட்டும்; அப்பாவின் பெட்டி எப்படியும் ஓடுகிறது. சொல்லும்போது வீரமாகத்தான் இருந்தது, ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அஞ்சலைத் திறந்து பார்த்தாள்.

முதலில் வந்தது யோனாஸின் பதில் இல்லை. 'படித்துப் பார்த்தேன், சரி' என்ற வரியின் கீழே சுகியார்த்தோ கையொப்பமிட்டிருந்தார். ஒரே தடவை.

அன்று சாயங்காலம் யோனாஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். விதியை முதலில், மோட்டாரை அடுத்து.