திரை அணைந்த பிறகு

எங்கள் வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டது நான்தான். அதனால் அது எப்போது முரண்டு பிடித்தாலும் என் மனைவி ஷாமளா என்னைத்தான் திட்டுவாள். அன்று காலை அவள் போன் செய்தபோதும் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அழுதாள்.

"ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சுங்க. அப்பா பேசினது எல்லாம் போச்சு."

என் மாமனார் அர்ச்சுனனுக்குத் தொண்டையில் புற்று. மறுநாள் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், அதன்பின் பேச்சு வராது. அன்றாடம் வேண்டிய வாக்கியங்களை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொண்டால், பிறகு கைப்பேசியில் பொத்தானைத் தொட்டு அவர் குரலிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் யோசனை சொன்னார்கள். ஷாமளா உட்கார்ந்து வாக்கியங்களை எழுதிக்கொடுத்து, அன்று காலை லேப்டாப்பில் அவரைப் பேசவைத்துப் பதிந்துகொண்டிருந்தாள். தண்ணி வேணும். கதவ பூட்டு. கவலப்படாத, நான் நல்லா இருக்கேன்.

"இதெல்லாம் நான் எப்ப லா பேசினேன்? உங்கம்மா பேசுறது இது," என்று மாமா சிரித்தாராம். தெப்ராவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். ஏறு, உட்காரு, கத்தாத, இந்த மூன்றும் இருந்தால் மிச்ச ஆயுளை ஓட்டிவிடலாம் என்பது அவர் கட்சி.

"எதையும் தொடாத. பவர் பட்டன மட்டும் அழுத்திடாத," என்றேன்.

"மதியம் அப்பாவ வார்டுல சேக்கணும். மறுபடி எடுக்க நேரமில்லங்க. அவருக்கும் தொண்ட கட்டிப்போச்சு."

கெலாங் பாத்தாவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து கிளம்பவே சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் மாமாவை மருத்துவமனையில் விட்டுவிட்டு வந்து, ஷாமளா அந்தக் கறுப்புத் திரையின் முன்னால் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

விண்டோக்களை அடுக்கித் திரையில் காட்டுவது கம்பாசிட்டர் என்ற ஒரு நிரல். அது விழுந்தால் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முன்பெல்லாம் அது விழுந்தால் மற்ற நிரல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். இப்போது அவை உயிரோடு காத்திருக்க வழி வந்துவிட்டது, அதைத்தான் நான் போட்டிருந்தேன். என்னுடைய இன்னொரு லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். ஒலிப்பதிவு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. கம்பாசிட்டரை மட்டும் மறுபடி எழுப்பினேன். திரை ஒருமுறை மின்னியது. பிரவுசர் வந்தது, வாக்கியங்கள் இருந்த விண்டோ வந்தது, கடைசியாக ஒலிப்பதிவு வந்தது. காலையில் தொடங்கியது இன்னும் நிற்காமல் பதிந்துகொண்டிருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? எப்பப் பாரு என் லினக்ஸ திட்டுவியே, இப்ப சொல்லு!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பதிவை நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டேன். மாமாவின் குரல், கரகரப்போடு, அப்படியே இருந்தது. 'கவலப்படாத' என்ற வாக்கியத்தில் மட்டும் சிரிப்பு வந்து இரண்டு தடவை கெட்டு, மூன்றாம் தடவை ஒருவழியாகச் சொல்லி முடித்திருந்தார். இன்னும் சில வாக்கியங்கள் போயின. பிறகு திரை அணைந்த இடம் வந்தது. அதில் ஷாமளாவின் குரல்.

"அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிருந்தா இதெல்லாம் வேணுமாப்பா? எத்தன மாசம் கெஞ்சினோம்! எல்லாம் உங்க பிடிவாதம். இப்ப நாங்கதான கெடந்து சாகுறோம்!"

அவள் சட்டென்று ஒலியை நிறுத்தினாள். "திட்டிட்டு குசினிக்குள்ள போயி அழுதேங்க. அப்பா ஒண்ணுமே சொல்லல, சும்மா உக்காந்திருந்தாரு. இத வெட்டிடுங்க. யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

திரையில் அந்த இடத்து ஒலியின் அலைக்கோடு தெரிந்தது. அவள் கத்தலுக்குப் பிறகு நீளமாக ஒரு தட்டைக் கோடு. அதற்கு நடுவில் ஒரு சின்ன மேடு.

"அது என்ன?" என்றாள்.

"நாற்காலி இழுத்த சத்தமா இருக்கும்."

கேட்டுப் பார்த்திருக்கலாம். ஜெயித்துவிட்ட மிதப்பில் இருந்தவனுக்கு அதற்குப் பொறுமை இல்லை. கத்தல் தொடங்கும் இடத்திலிருந்து கடைசிவரை அழித்தேன். வாக்கியங்களைத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து வைத்துக்கொண்டு, மூலப் பதிவைச் சேமிக்காமலே மூடினேன். இடத்தை அடைக்குமாம்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மாமா கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தார். கைப்பேசியை அவர் கையில் கொடுத்தோம். ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டு, தன் குரலைத் தானே கேட்டு, சத்தமில்லாமல் சிரித்தார். கடைசிப் பொத்தானுக்கும் கீழே விரலை நகர்த்தி எதையோ தேடினார். பிறகு டைப் செய்து ஷாமளாவிடம் நீட்டினார்.

'மிச்சம் எங்க?'

"எதுப்பா?"

'நீ உள்ள போனதுக்கப்புறம் உன்கிட்ட பேசினேனே.'

"அப்பத்தான் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சேப்பா, பதியுதுன்னு உங்களுக்கு எப்படி..."

'மைக்ல செவப்பு லைட் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு. அத பாத்துதான் பேசினேன். நேர்ல பேசத் தெரியல.'

ஷாமளா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. நான் எழுந்துபோய் லேப்டாப்பைத் திறந்து, அழிந்ததை மீட்கும் நிரல்களை ஒன்றுவிடாமல் ஓட்டினேன். வராது என்று எனக்குத் தெரியும். விழுந்த திரையைத் தூக்கி நிறுத்தி, மெஷின் கைவிடாமல் காப்பாற்றி வைத்திருந்ததை என் கையாலேயே அழித்தவன் நான். நினைக்கும்போதெல்லாம் என்மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

திரும்பி வந்தபோது ஷாமளா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். "என்னப்பா சொன்னீங்க? டைப்பாவது பண்ணுங்கப்பா."

மாமா டைப் செய்தார். அழித்தார். மறுபடி டைப் செய்து, அதையும் அழித்தார். கடைசியில் ஒரு வரி மட்டும் காட்டினார்.

'எழுதினா வேற மாதிரி ஆயிடுதும்மா.'

அவள் விம்ம ஆரம்பித்தாள். அவர் பதறிப்போய்ப் பொத்தான்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். எல்லாம் அவள் எழுதிக்கொடுத்தவைதான். அதில் ஒன்றைத் தொட்டார்.

"கவலப்படாத, நான் நல்லா இருக்கேன்," என்றது அவர் குரல். அன்று அடக்கிய சிரிப்பின் மிச்சம் அதன் நுனியில் அப்படியே இருந்தது.

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. ஷாமளா அழுகையை நிறுத்தவில்லை. வேறு எதுவும் அகப்படாமல், அவர் அதையே திரும்பவும் அழுத்தினார்.