கதைக்குக் கீழே ஒரு வரி

பதிப்பாளர் பாராட்டுவதற்காகப் போன் செய்யும் ஆள் இல்லை. அதனால், "அந்தப் பஸ் நிலையக் கதையோட கடைசி வரி இருக்கே, அதுல நீங்க எங்கேயோ போயிட்டீங்கம்மா" என்று அவர் சொன்னதும் அவளுக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் முதல் புத்தகம். மருத்துவமனைப் பதிவேட்டு அறையில் நோயாளிகளின் கோப்புகளை அடுக்கியபடி, இருபத்தாறு வருடமாக எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருப்பவள் அவள்.

"எந்த வரி சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "'அக்காவிடம் கேட்காமல் எழுதிவிட்டேன். படித்தால் இனி என் முகத்தில் முழிக்க மாட்டாள்.' அடடா! அதுவரைக்கும் கதை. இந்த இடத்துல வாழ்க்கையே வந்து நிக்குது."

அவள் கையிலிருந்த கோப்புகளை மேசையில் போட்டாள். கையால் எழுதும்போது ஓரத்தில் தன்னைத் தானே திட்டிக்கொள்வது அவள் பழக்கம். 'ரொம்ப அளக்கிறாய்', 'இங்கே அழவைக்கப் பார்க்காதே' என்று பென்சிலில் கிறுக்கி, கடைசியில் அழித்துவிடுவாள். அன்றைக்குப் பார்த்துப் பென்சில் கிடைக்கவில்லை. பேனாவிலேயே, அதுவும் கதை முடிந்த இடத்துக்கு நேர் கீழே எழுதி வைத்துவிட்டாள். தட்டச்சு செய்தவர் ஈயடிச்சான் காப்பிக்குப் பேர்போனவர். பிழை திருத்தியவரோ உச்சுக்கொட்டி ரசித்திருப்பார்.

"அது கதை இல்ல சார். எனக்கு நானே எழுதிக்கிட்டது. எடுத்துடுங்க."

"எடுத்தா கதைக்கு உயிர் போயிடும்மா."

"வச்சா எனக்குப் போயிடும் சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "சரி, நாளைக்குக் காலையிலதான் அச்சுக்குப் போகுது. புரூஃப் உங்க கையிலதானே இருக்கு? அடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் மாத்திடறேன்."

"என் கையில இல்லையே."

"நேத்தே வீட்டுல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே."

வீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் ஒருத்திதான். மாடியில் இவள், கீழே அக்காவும் அத்தானும். உறை என்று ஒன்று இருந்தால் அது பிரிப்பதற்குத்தான் என்பது அக்காவின் கொள்கை. யார் பெயருக்கு வந்தது என்பதெல்லாம் பிரித்த பிறகு பார்க்கிற விஷயம்.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பஸ் பிடித்தாள். இருபத்தோரு வருடத்துக்கு முன்னால் அக்கா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினாள். பகல் முழுக்கப் பஸ் நிலையத்தில் இருந்துவிட்டு, அத்தான் வேலை முடிந்து வருவதற்குள் திரும்பி வந்து உலை வைத்துவிட்டாள். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. தங்கையிடம் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னாள். இத்தனை வருடம் கட்டிக்காத்ததை இவள் பதினான்கு பக்கமாக எழுதி, ஐந்நூறு பிரதிக்கு ஏற்பாடும் செய்துவிட்டாள். கதை நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் இதில் பெரிய கொடுமை. மோசமாக எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருக்கலாம்.

முன்னறையில் அக்கா தையல் மெஷினில் குனிந்திருந்தாள். துணி வெட்டும் மேசையில் பிரித்த உறை. அதன் மேல் தாள்கட்டு, பறக்காமல் இருக்கக் கத்தரிக்கோல். உள்ளறையில் அத்தானின் குறட்டை.

"உக்காரு. இந்த ஓரத்த முடிச்சிடறேன்."

அந்த ஓரம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. ஒருவழியாக நூலைக் கடித்து அறுத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள்.

"நான் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேனாடி?"

"அக்கா, அது தெரியாம..."

"வாய மூடு. முழிச்சுக்கிட்டுதானே இருக்கேன்." தாள்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அளவு தப்பு."

"என்ன அளவு?"

"பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்னு ரெண்டு பக்கம் போட்டிருக்கியே, நான் எங்கடி அழுதேன்?"

"அழலையா?"

"தூங்கிட்டேன்." அக்காவின் குரல் சற்றுத் தாழ்ந்தது. "பையத் தலைக்கு வச்சுக்கிட்டு அந்த பெஞ்சுல படுத்தேன். கல்யாணமாகி ஏழு வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல. யாரும் எழுப்பல. தண்ணி கேக்கல. முழிச்சுப் பாத்தா மணி நாலு. போகணும்னு இருந்த வெறியக் காணோம். பசிதான் இருந்துச்சு. எழுந்து வந்துட்டேன்."

தங்கை அக்காவின் மடியிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். பிள்ளைகளை நினைத்து, ஊர் வாய்க்குப் பயந்து, கண்ணீரோடு திரும்பி வருகிற ஒருத்தியை அவள் அவ்வளவு பாடுபட்டு எழுதியிருந்தாள். ஒரு பெண் தூங்கப் போயிருப்பாள் என்று தோன்றவே இல்லை.

"அத்தானுக்குத் தெரிஞ்சா?"

"அவரு என்னைக்குக் கதைப் புஸ்தகத்தத் தொட்டாரு? தொட்டாத் தொடட்டும்." அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "யாருக்காவது தெரியட்டும்னுதான் அன்னைக்கு உன்கிட்ட சொன்னேன். நீ கல்லு மாதிரி இருந்துட்ட. இருபத்தோரு வருஷம். நான் சொன்னது உன் காதுலயே விழலையோன்னு நெனச்சுட்டேன்டி."

அப்பாடா என்றிருந்தது தங்கைக்கு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

கைப்பையில் போன் அடித்தது. பதிப்பாளர். "கடைசி வரி இருக்கட்டுமா, வேண்டாமாம்மா?"

"எடுத்துடுங்க சார், அது பொய்யாப் போச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் மாறுது. நாளைக்கு ஆகாது."

அவர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அக்கா துணியில் அளவு குறிக்கிற நீலச் சாக்பீஸை எடுத்தாள். ஸ்கேலை வைத்து, அழுகிற பத்தியின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். பிறகு தாளைத் தூக்கி மெல்ல ஊதினாள். நீலத்தூள் இருவர் மடியிலும் விழுந்தது.

"பெஞ்சு சிமெண்டு பெஞ்சு. குளுகுளுன்னு இருந்துச்சு. எழுதிக்கோ" என்றாள்.