ஜவஹர் போன இடம்

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. மயிலாப்பூர்க் குளத்தருகே பேருந்துக்கு நின்றபோது, பர்தா அணிந்த ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "தெனம் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடுறான். அதான் பயமா இருக்கு." பேருந்து வந்துவிட்டது. மீதியை நான் எழுதுகிறேன்.

2

1973ஆம் ஆண்டு, மழை விட்ட ஓர் இளங்காலையில்...

(வேண்டாம். அவளுக்கு வானத்தைப் பார்க்க நேரமில்லை.)

அஃப்சருன்னிசாவை எட்டாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மகன் ஜவஹரை இன்ஜினீயராக்கிவிட வேண்டும் என்பது அவள் பிடிவாதம். தி. நகரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் கரீமுல்லாவோ, அவன் குர்ஆனை மனப்பாடம் செய்த ஹாஃபிஸாக வேண்டும் என்றார். சண்டை ஓய்வதற்காகப் பகலில் அடையாறு கல்லூரியில் பி.யூ.சி. படிப்பு, மாலையில் மதரஸா என்று முடிவானது.

3

அன்று பையன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் கல்லூரிக்குப் போனாள்.

"ஜவஹரா? ரெண்டு மாசமா வர்லியேம்மா," என்றார் குமாஸ்தா விக்டர். "வீட்ல மதரஸாவுலயே சேத்துட்டாங்கன்னான்."

கணவர் தனக்குத் தெரியாமல் செய்துவிட்டார் என்று கொதித்தபடி மதரஸாவுக்கு ஓடினாள். வாசலுக்கு வந்த ஆசிரியர் ஹஜ்ரத் தரையைப் பார்த்துப் பேசினார்.

"காலேஜ் படிப்பு ஜாஸ்தின்னு அவன் நின்னு ரொம்ப நாளாச்சே. நீங்கதான் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

அவள் கோபம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. காலையில் கிளம்பி இருட்டியபின் வருகிறவன் எங்கேதான் போகிறான்? கால்கள் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு இழுத்தன. கடலைப் பார்க்கவே பயந்து, மீன் விற்றவளிடம் கேட்டாள்.

"தொப்பி போட்ட புள்ளயா? அப்டி யாரும் இங்க வந்துக்கினு இல்லியேம்மா."

4

ஜவஹர் வழக்கம்போல் வந்தான். பௌதிகப் புத்தகத்தை வைத்தான். செருப்பில் மணல் இல்லை.

"இன்னிக்கு இன்னா ஓதுனே?" என்றார் கரீமுல்லா. "ஓதிக் காட்டு."

ஜவஹர் அம்மாவைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்தது.

முதலில் எழுதிய முடிவில் அவள் சொல்லிவிடுகிறாள். கரீமுல்லா பெல்ட்டைக் கழற்றுகிறார். கிழித்துவிட்டேன். அடுத்ததில் அவள் மறைக்கிறாள்; மறுநாள் காலை அவன் மறுபடி கிளம்புகிறான், அவள் ஜன்னலில் நின்று... அதற்குமேல் கை ஓடவில்லை.

"மொதல்ல சாப்பிடட்டும்," என்றாள் அஃப்சருன்னிசா.

"ஓதட்டும்," என்றார் கரீமுல்லா.

ஜவஹர் வாயைத் திறக்கிறான். இங்கே நான் எதை எழுதினாலும் அது அந்த இருவரில் ஒருவருடைய விருப்பமாகிவிடும். ஆகவே எழுதவில்லை. அவன் எதிரே இப்போது உட்கார்ந்திருப்பது நீங்கள்.