பின்சாரின் காதோரப் பென்சில்

கர்சோனோ முகம் சுளித்தால் ஈக்கள்கூட எழுந்து எதிர்ச்சாரிக்குப் போய்விடும். பசார் பாரு சந்தையில், படம் வரைகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சந்தில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எதிர்ச்சாரியில் பழச்சாறு விற்கிறவன் இதற்காகவே இரண்டு முறை வந்து அவரிடம் சண்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அவருக்கு அருவருப்பைத் தராத பொருள் ஜகார்த்தாவில் குறைவு. ஈரக் கை, எண்ணெய்க் கை, பல் குத்திய குச்சி, அடுத்தவர் உட்கார்ந்து எழுந்த முக்காலியின் சூடு, எல்லாமே குமட்டும். ஆனால் எல்லாவற்றையும்விட அவருக்குக் குமட்டியது மோசமான பென்சில்தான். கெட்டியான பென்சிலைத் தாளில் தேய்த்தால் வரும் 'கிரீச்' சத்தம் கேட்டு, ஒருமுறை காலையில் தின்ற சோற்றை மத்தியானம் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

நல்ல மென்மையான பென்சில் கிடைத்துவிட்டால் கதை வேறு. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீலின் தலைமுடியை அப்படிப்பட்ட பென்சிலால் வரைந்தார். கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. மழைக்காலத்தில் அந்த முடி வளரத் தொடங்கி, வக்கீல் வீட்டில் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி இரண்டு முறை வெட்டிவிட வேண்டியிருந்தது.

அன்று காலை வாகினெம் வந்தபோது கர்சோனோ பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாகினெம் விதவை. கணவர் பொனிரான் பஸ் கண்டக்டராக இருந்து செத்துப்போனவர். மறுநாள் ஊரில் அவருக்காகத் துவா ஓதும் நூறாம் நாள் பிரார்த்தனை. அங்கே வைக்கப் படம் வேண்டும். கையில் இருந்ததோ அடையாள அட்டைப் போட்டோ ஒன்றே ஒன்று, கட்டைவிரல் நகத்தளவு. அதிலும் பாதி முகத்தில் அலுவலக முத்திரை ஊதா நிறத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

போன முறை அவள் சொல்லிவிட்டுப் போன படம் ஏறக்குறைய முடிந்திருந்தது. கண், மூக்கு, தலைமுடி எல்லாம் ஆயிற்று. மீசை மட்டும் பாக்கி. முந்தின நாள் சாயங்காலம் தலைமுடியை முடிக்கும்போது அவருடைய கடைசி நல்ல பென்சில், மூங்கில் பிடியில் செருகி அரிசி மணி அளவுக்கு வரும்வரை வரைந்தும், தீர்ந்துபோயிருந்தது.

"மீசை எங்க, பாக்?" என்றாள் வாகினெம். அந்த ஊரில் ஐயாவுக்கு பாக், அம்மாவுக்கு இபு, அண்ணனுக்கு ஆளைப் பொறுத்து மாஸ், பாங், கோ.

"இன்னைக்குப் போட்டுடுவேன், இபு. ரெண்டு மணிக்கு வாங்க."

"நாலு மணிக்கு எனக்கு ரயில். அதுக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். இன்னொண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோங்க. மீசை கறுப்பா வரணும். சாம்பலா வந்துச்சுன்னா அது இவர் இல்ல, இவரோட அண்ணன்."

"அண்ணனா?"

"அச்சு அசல் இதே மூஞ்சி. மீசை மட்டும் நரை. அந்த ஆளு உசிரோட இருக்கான். நாளைக்கு முன்வரிசையில வந்து குந்துவான். உசிரோட இருக்கிறவன் படத்தை வச்சு ஊரே துவா ஓதினா என்ன ஆகும்? ஏற்கெனவே, தம்பி பங்கு நிலம் எனக்குத்தான்னு குதிக்கிறான். பட்டுனு போய்ச் சேர்ந்தான்னு வைங்க, நான்தான் ஓதிக் கொன்னேன்னு அவன் பொண்டாட்டி போலீசுக்குப் போவா. சேரலைன்னாலும், இவளுக்குப் புருஷன் மூஞ்சியே மறந்துபோச்சுன்னு ஊர் சிரிக்கும்."

அவள் போனதும் கர்சோனோ போன வாரம் வாங்கின புதுப் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு பென்சில், தங்க எழுத்தில் 'எட்டு பி' என்று அச்சடித்தது. அதைவிட மென்மையான பென்சில் சந்தில் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. பிளேடால் சீவினார். நல்ல பென்சிலென்றால் மரம் ஆப்பிள் தோல் போலச் சுருண்டு வரும். இது சில்லுச் சில்லாகத் தெறித்தது. உள்ளே கரி நடுவில் இல்லை, மூலையில் ஒதுங்கி நின்றது. சீவச் சீவ முறிந்து விழுந்தது. நாலாவது பென்சிலில் எப்படியோ ஒரு முனை தேறியது. ஓரத்தாளில் தேய்த்துப் பார்த்தார்.

சாம்பல். அதுவும் நத்தை ஊர்ந்த தடம் மாதிரி பளபளவென்று. ஒரு இடத்தில் மண்கட்டி சிக்கி 'கிரீச்' என்றது. கர்சோனோ கண்ணை மூடிக்கொண்டு காலையில் தின்றதை உள்ளேயே நிறுத்தினார். அந்தக் கோடு தாளைக் கிழித்து, அடியிலிருந்த பலகையில் பள்ளம் பறித்திருந்தது. மழை பெய்தால் இன்றைக்கும் அதில் தண்ணீர் நிற்கும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோ அலியோங்கின் எழுதுபொருள் கடைக்குப் போனார்.

"கோ, இது என்ன பென்சிலா, ஆணியா?"

"என்ன மாஸ் இப்படிப் பேசறீங்க? நீங்களே இங்க நின்னு கிறுக்கிப் பாத்துதானே வாங்கிட்டுப் போனீங்க? அரை மணி நேரம் பாத்தீங்க. எனக்குச் சாப்பாட்டு நேரமே போச்சு."

அது உண்மைதான். கல்லாவுக்குப் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கிய தாள்கட்டில் கிறுக்கிப் பார்த்தார். மையிருட்டாக வந்தது. இப்போது அந்தத் தாளை விரலால் தடவிப் பார்த்தார். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று இருந்தது. இந்தத் தாளில் துரு ஆணியைத் தேய்த்தாலும் கறுப்பாகத்தான் விழும். நாற்பது வருஷமாகப் பென்சில் பொறுக்கியவர் பென்சிலைப் பார்த்தார். தாளைப் பார்க்கவில்லை. அவருக்குத் தன்மேலேயே ஒரு குமட்டல் வந்தது.

"இந்தத் தாளை எங்க புடிச்சீங்க, கோ?"

"அதுவா? அது விக்கிறதுக்கு இல்ல, மாஸ்" என்றார் கோ அலியோங், முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல்.

கர்சோனோ தன் சட்டைப் பையிலிருந்து சொந்தத் தாளை எடுத்து விரித்தார். கடையிலிருந்த மென்பென்சில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஒன்று மெழுகு போல வழுக்கியது. ஒன்றில் துரியான் பழ வாசனை சேர்த்திருந்தார்கள், ஒரு கோட்டிலேயே தலை கிறுகிறுத்தது. இன்னொன்று உண்மையிலேயே கறுப்பாக விழுந்தது. ஆவலாகத் தூக்கிப் பார்த்தால் முனை ஈரமாக மின்னியது.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"வாங்க வர்றவங்க நாக்குல தொட்டுத்தான் எழுதிப் பாப்பாங்க. காலையிலேருந்து ஒரு ஏழெட்டுப் பேர் பாத்தாங்க. எச்சில் பட்டா எல்லாப் பென்சிலும் கறுப்புதான், மாஸ். வேணும்னா நீங்களும் ஒரு தடவை..."

கர்சோனோ பென்சிலைக் கீழே போட்டுவிட்டுக் கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிக்கொண்டே நடந்தார், அந்தக் கை வேறு யாருடையதோ என்பது போல. தெருக்குழாயில் மூன்று முறை சோப்புப் போட்டார். நல்ல சரக்கு அடுத்த வாரக் கப்பலில்தான் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கோ அலியோங் கத்தினார்.

சந்தில் மற்றவர்களிடம் கேட்கலாமென்றால், பாதிப்பேர் கரிப்பொடியைத் தூரிகையில் தொட்டுத் தேய்க்கிறவர்கள். அதில் மீசையின் ஒற்றை முடியைப் பிரித்துக் காட்ட முடியாது. மீதிப்பேர் அதே கோ அலியோங்கிடம், அதே தாளில் ஏமாந்தவர்கள். மெய்யான எட்டு பி அந்தச் சந்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பின்சாரின் காதில் இருந்தது.

பின்சார் அடுத்த இடத்துக்காரன். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் யோகோஹாமாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பென்சில் அது. தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் நீளம் ஆகியிருந்தது. முன்பாதியில் கரி முனை. பின்பாதி முழுக்கப் பின்சாரின் பல் பதிந்து, பெயிண்ட் உரிந்து, மரம் நார் நாராகி, காய்ந்த கரும்புச் சக்கை போலத் தொங்கியது. பின்சார் மூன்று வேளையும் பெத்தாய்க் கொட்டை தின்பவன். அந்த நாற்றம் முதலில் வரும், பின்னால்தான் ஆள் வருவான். வரையாத நேரத்தில் பென்சில் வாயிலோ காதிலோ இருக்கும். காதிலிருந்த நேரத்துக்கு அடையாளமாக நடுப்பாகத்தில் மஞ்சளாக, மெழுகு மாதிரி என்னவோ படிந்திருந்தது. என்னவோ என்ன, எல்லாருக்கும் தெரியும்.

கர்சோனோ பத்து நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்ன மாஸ், என் காதுல கம்மலா தொங்குது? அப்படிப் பாக்குறே."

"பாங்... அந்தப் பென்சிலை ஒரு மணி நேரம் தர்றியா?"

பின்சார் சிரித்த சிரிப்பில் சந்துக் கோடியில் கட்டியிருந்த தார்ப்பாய் படபடத்தது. "எதை? இதையா? போன மாசம் நான் உன் ரப்பரைத் தொட்டேன்னு அதைத் தூக்கிச் சாக்கடையில போட்டியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மண்ணெண்ணெயில கை கழுவினியே?"

"ஒரு பொம்பளை தலையில பழி விழப்போவுது, பாங். தர முடியுமா முடியாதா?"

விஷயத்தைக் கேட்டதும் பின்சார் தயங்கவில்லை. நல்ல மனுஷன். "அட, எடுத்துக்கோய்யா, இதுக்குப் போயி! இரு, தொடைச்சுத் தர்றேன்" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தான். அந்தத் துண்டால் அக்குளைத் துடைத்தான், பிறகு அதே துண்டால் பென்சிலைத் துடைத்தான். வரிசை மாறியிருந்தாலாவது தேவலை.

கர்சோனோ முதலில் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கினார். பையோடு பிடித்து வரைய முயன்றார். வழுக்கியது. பின்பாதியை வெட்டி எறியலாமென்றால், மிச்சமிருக்கும் முனை மூங்கில் பிடியில்கூட நிற்காது. குழாயில் கழுவப் போனார். "தண்ணியில காட்டாதே, மாஸ்! மரம் ஊறிக் கரி கழண்டு வந்துடும்!" என்று பின்சார் அலறினான். அதுவும் சரிதான். மரம் ஏற்கெனவே ஊறிப்போய்த்தான் இருந்தது, எதில் ஊறியது என்பது வேறு விஷயம். மணி பன்னிரண்டரை ஆனது.

கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெறும் விரலால் தொட்டார். சக்கை பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. உச்சந்தலை முடி ஒரு நிமிஷம் நட்டுக்கொண்டு நின்றது. முனையைத் தாளில் வைத்தார்.

சத்தமே இல்லை. வெண்ணெயில் விரல் இறங்குவது போல இறங்கியது. மினுக்கம் கிடையாது, அழுத்தமும் வேண்டியதில்லை. கறுப்பு தானாக வந்து உட்கார்ந்தது. முதல் முடி, இரண்டாவது முடி. பத்தாவது முடியில் பெத்தாய் நாற்றம் மறந்தது. ஐம்பதாவதில் பின்சார் என்றொருவன் உலகத்தில் இருப்பதே மறந்தது. ஊதா முத்திரைக்கு அடியில் ஒளிந்திருந்த மீசை, டிக்கெட் எடுக்காதவனைத் தேடும் தோரணையோடு மெள்ள வெளியே வந்தது. பக்கத்தில் பூனைக்கு மீன் போட்டுக்கொண்டிருந்த பெண், ஏனென்று தெரியாமல் இடுப்பிலிருந்து சில்லறையை எடுத்து நீட்டினாள்.

இரண்டு மணிக்கு வாகினெம் வந்து நின்றபோது வேலை முடிந்திருந்தது. கரி கலையாமலிருக்கத் தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை ஒரு கையில் பிடித்து, பலகையை மறுகையில் சாய்த்து, கர்சோனோ படத்தின் மேல் தெளித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேலையாக இருந்தன.

வாகினெம் படத்துக்கு முன்னால் குந்தினாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள்.

அந்த நேரத்தில்தான் கர்சோனோவின் நாக்கில் என்னவோ கசந்தது. கசந்து, பிறகு உப்புக் கரித்து, அதற்குப் பிறகு ஆறு மாதத்துப் பெத்தாய்க் கொட்டை அவ்வளவும் ஒன்றாக எழுந்து மூக்கு வழியாக ஏறியது. பென்சில் அவர் வாயில் இருந்தது. எப்போது வைத்தார், எவ்வளவு நேரமாகச் சப்பிக்கொண்டிருக்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. கடைவாயில் ஒரு நார் சிக்கியிருந்தது.

வாகினெம் நிமிர்ந்தாள். எதிரே கர்சோனோவின் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"ஏன் பாக் இப்படி மூஞ்சியைச் சுளிக்கிறீங்க?"

கர்சோனோ பென்சிலைக் கடித்தபடி கண்ணை உருட்டினார். வாய் நிறைய அந்தக் கசப்பு எச்சில் இருந்தது.

"வரைஞ்ச உங்களுக்கே குமட்டுதுன்னா இதுல ஏதோ கோளாறு இருக்கு. உண்மையைச் சொல்லிடுங்க. இது யாரு, இவரா, அவரு அண்ணனா?" படத்தைத் தொடவந்த கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அண்ணன்னா எனக்கு வேண்டாம். படம் இல்லாமலே போறேன்."

துப்பலாம். துப்பினால் அவள் கணவர் முகத்துக்கு எதிரே துப்பியதாகிவிடும். முன்னே படம், பக்கத்தில் வாகினெம், பின்னே பின்சார். துப்ப இடமில்லை. அவள் எழுந்து தோள்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

கர்சோனோ விழுங்கினார்.

தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியதைச் சந்தே பார்த்தது. கண்ணில் தண்ணீர் கட்டியது. பென்சிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கோணாத முகத்தோடு சொன்னார்.

"இது உங்க வீட்டுக்காரர்தான், இபு. மீசையைப் பாருங்க. ஒரு நரை இருந்தா காட்டுங்க."

வாகினெம் மறுபடியும் குந்தி, மீசைக்கு நேரே மூக்கை வைத்துப் பார்த்தாள். பார்த்தவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "என்ன முறைப்பு? செத்தும் முறைக்கிறே! குழம்புல உப்பு இல்லைன்னா இப்படித்தானே முறைப்பே?" என்று படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். பிறகு படத்தைச் சுருட்டி, முகம் உள்பக்கமாகத் துணியில் கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கர்சோனோவின் கண்ணில் தண்ணீரைக் கண்டு, "நல்ல மனசு உங்களுக்கு. ஒட்டுமில்லை உறவுமில்லை, எங்க வீட்டுக்காரருக்காக அழறீங்களே" என்றாள். பணத்தை அவர் கையில் திணித்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் கர்சோனோ சாக்கடை ஓரம் ஓடினார். அங்கே நடந்ததை எழுத வேண்டாம். ஈக்கள் மட்டும் சந்தோஷமாக எதிர்ச்சாரியிலிருந்து திரும்பி வந்தன.

வாயைப் பதினோரு முறை கொப்பளித்துவிட்டு வந்து, பென்சிலைப் பின்சாரிடம் நீட்டினார். பின்சார் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. குனிந்து உற்றுப் பார்த்தான். அவன் பல் பதிந்த தடத்துக்கு மேலே, புதிதாக, ஈரமாக, இன்னொரு பல்வரிசை பதிந்திருந்தது.

"ஐயே!" என்று பின்சார் இரண்டடி பின்வாங்கினான். "இதை வாயில வச்சியா? எச்சில், மாஸ்! மனுஷன் தொடுவானா இதை?"

"பாங், இது உன்னோட..."

"எனக்கு வேணாம்ப்பா. நீயே வச்சுக்கோ" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு, பின்சார் புதுப் பென்சில் வாங்க கோ அலியோங் கடைக்கு நடந்தான்.