ராஜாம்பாள் எழுதிக் கொடுத்த மன்னிப்பு

...இந்த ஒரு வரிதானே, இதற்குப் போய்க் கை ஏன் இப்படிக் கனக்கிறது, செஞ்சி தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து ராஜாம்பாள் அந்தத் தாளை நாலாவது தடவையாகப் படித்தாள், ‘மன்னிப்பு எழுதிக் கொடுத்து விடுதலையானவர் அல்லர்’, தியாகி பென்ஷன் வேண்டுமென்றால் கூடச் சிறையிருந்தவர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம், ரோஷன் பீ திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து கீழே கையெழுத்துப் போட்டே விட்டாள், ஐந்து வேளையும் தொழுகிறவள், எனக்காகப் பொய்... இனி ராஜாம்பாள் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டால்தான் என்ன, யார் வந்து கேட்கப் போகிறார்கள்? வீட்டுக்காரர் போன பிறகு தம்பி வீட்டுச் சோறு, தம்பி பெண்டாட்டி காட்டுகிற மூஞ்சி, இன்னும் எத்தனை நாளைக்கு... ஜன்னல் வழியே ராஜகிரிக் கோட்டைப் பாறையின் அனல் முகத்தில் அடித்தது.

நாற்பத்திரண்டில் ஊர்வலம் போனதற்கு இரண்டு பேருக்கும் வேலூர் ஜெயில். நாலாம் மாதம் வீட்டிலிருந்து கடுதாசி, கைக்குழந்தை கோமளாவுக்கு ஜுரம், கண் திறக்கவில்லை. ‘இனி எந்தக் கிளர்ச்சியிலும் சேர மாட்டேன், மன்னிக்கவும்’, ஜெயிலர் நீட்டிய தாளில் சட்டென்று எழுதிக் கொடுத்தாளே, அன்றைக்குக் கை கனக்கவேயில்லையே. கொட்டடியில் அத்தனை பெண்களும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள், ரோஷன் பீ ஒருத்திதான் துணிமூட்டையைக் கட்டிக் கொடுத்தாள்... ரயில், பஸ், கடைசியில் ஓட்டம், வந்து சேர்ந்தால் முந்தின நாளே ஆற்றங்கரையில் புதைத்துவிட்டிருந்தார்கள், பாவி, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் நாற்பத்து மூன்று வருஷம், அந்த மன்னிப்புக் கடிதத்தை நினைத்துக் கூசிக் கூசி, சுதந்திர தினத்தன்று கொடியேற்றுகிற பக்கமே போகாமல், ஒருவரிடமும் மூச்சு விடாமல்...

“இன்னா யோசிக்கிற, போடுடி. அந்தக் காயிதத்த எவன் வச்சினு இருக்கப் போறான், வெள்ளக்காரனோட போச்சு அது,” என்றாள் ரோஷன் பீ.

போயிற்றா? குழந்தைக்கு ஒரு போட்டோ கிடையாது, பெயரைச் சொல்லக்கூட இப்போது ஆளில்லை. கோமளா என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்காகப் பெற்றவள் மானத்தை விட்டு ஓடி வந்தாள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே எழுத்து அதுதானே, அதையும் எழுதவில்லை என்று என் கையாலேயே...

“சீக்கிரம்மா, தாசில்தார் கெளம்பிடுவாரு,” என்றார் கிளார்க் ராமகிருஷ்ணன்.

“ரோஷனு, அன்னிக்கு நான் புள்ளைக்காகத்தான எழுதிக் குடுத்தேன்?”

“ஆமாண்டி, வேற எதுக்கு,” என்றாள் ரோஷன் பீ.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கடிதத்தை நினைத்துக் கூச்சம் வரவில்லை, அழுகைதான் வந்தது, கையெழுத்துப் போடாத பேனா கையிலேயே இருந்தது.