கேலக்ஸியின் வால்

ஆம்பூரில் இரண்டு ஷூ கம்பெனிகள் ஒன்றாகின்றன என்றால் பிரியாணி போட்டு அறிவித்தால் போதும். பெரிய கம்பெனியின் பர்சனல் மேனேஜர் முனிரத்தினத்துக்கு அது போதவில்லை. 2004-ல் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த விண்வெளித் தொலைநோக்கிப் படங்களில் ஒன்றைச் சுவர் அகலத்துக்கு அச்சடித்து மாட்டினார். ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன் இரண்டு கேலக்ஸிகள் ஒன்றோடொன்று கலந்த காட்சி. அதை விளக்கிப் பேச மாதனூர் இயற்பியல் வாத்தியார் சத்தியநாதனைப் பிடித்தார்.

சத்தியநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கேலக்ஸியைப் பற்றிப் பேசி ப்ளஸ் டூ பிள்ளைகளின் கொட்டாவியை மட்டுமே சம்பாதித்தவர். இன்னொரு காரணமும் உண்டு. அவர் மனைவி கிரேஸி சின்ன கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். பெரிய கம்பெனியிலும் ஒரு சூப்பர்வைசர் இருந்தாள். சேர்ந்த பிறகு நாற்காலி ஒன்றுதான். நல்லபடியாகப் பேசினால் அது கிரேஸிக்கு என்று முனிரத்தினம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்ன மாதிரி சிரித்தார்.

விழாவில் வாத்தியார் வெளுத்து வாங்கினார். கேலக்ஸிகள் கலக்கும்போது நட்சத்திரத்தோடு நட்சத்திரம் மோதுவதே அபூர்வம், புதிதாகக்கூடப் பிறக்கும் என்றார். வெளிச்சம் வந்து சேர இத்தனை காலமானதால், நாம் பார்ப்பது எப்போதோ முடிந்துபோன சங்கதி என்றார். அதுவரை எல்லாம் உண்மை. முனிரத்தினம் கைதட்டினார், தையல் செக்‌ஷன் மொத்தமும் தட்டியது.

கிரேஸி எழுந்தாள். தோலில் மயிரிழைக் கீறலையும் விடாத கண் அவளுக்கு. நாலு பேர் முன்னால் வீட்டுக்காரரை சார் என்றுதான் கூப்பிட்டாள்.

"சார், ஓரமா வால் மாதிரி நீட்டிகினு இருக்குதே, அது இன்னா?"

இழுபறியில் வெளியே வீசப்பட்ட நட்சத்திரங்கள் அவை. சில திரும்பி வருவதே இல்லை. வாத்தியாருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்லம்மா, வெறும் புகை."

சொன்னதும் வெட்கமாகத்தான் இருந்தது. பிரியாணி வந்ததும் கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் காலை மாதனூர் ரோட்டில் கிரேஸி டிபன் பாக்ஸோடு நின்றாள். வாத்தியாரும் பெருமையாகப் பக்கத்தில் நின்றார். கம்பெனி பஸ் வந்து நின்றது. கதவு மட்டும் திறக்கவில்லை. டிரைவர் வாஹித் பாஷா சங்கடத்தோடு தலையை நீட்டினார்.

"உங்கள வேலைய விட்டு எடுத்துடறதுன்னு போன மாசமே முடிவாயிடிச்சாம், மேடம். ஃபங்ஷன் வரைக்கும் ஏத்திகினு வான்னாங்க."

பஸ் போய்விட்டது. கிரேஸி அழவில்லை. புழுதி அடங்கும்வரை அது போன திசையையே பார்த்திருந்தாள்.

"அந்த வால்ல இன்னா இருந்துச்சு?"

"நட்சத்திரம்."

"நேத்தே தெரியுமா?"

அவர் தலையாட்டினார். அவள் டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.