தளவாய் வேலியில் கரண்ட்

1

இந்தக் கதை எனக்கு மாட்டுங்காவில் ஒரு பட்டிமன்றத்தில், போண்டா தீர்ந்துபோன பிறகு கிடைத்தது. நானாகத் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷம், ஐப்பசிக் கடைசி. எங்கள் தமிழ் மன்றத்தில் 'உடைமையைக் காக்க உயிரைப் பறிக்கலாமா?' என்று தலைப்பு. பறிக்கலாம் என்று ஒரு அணி, கூடாது என்று ஒரு அணி. எல்லாரும் ஆபீசுக்குப் போகிறவர்கள். எவர் வீட்டிலும் திருடன் ஆசைப்படுகிற மாதிரி ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆவேசமாகப் பேசினார்கள். நானும் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டினேன். நடுவர் எழுந்து, அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது என்று தீர்ப்புச் சொல்லி மாலையை வாங்கிக்கொண்டார்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை. பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு முன்பே இடம் மாறியிருந்தார். பெயர் தளவாய் என்றும், தாராவியில் ஆட்டுத்தோல் பதம் போடுகிற பட்டறை வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு சொன்னார்:

"என் வேலியில ஒரு ஆளு செத்துப்போனான் சார். கரண்டு வச்சது நான்தான். திரும்பவும் கம்பியக் கட்டலாமா வேண்டாமான்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

நடுவர் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாரோ மைக்கை அணைத்தார்கள். அன்றைக்கு நன்றியுரை நடக்கவில்லை.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

'தாராவியின் வானத்தில் மேகங்கள் கண்ணீர் வடிக்கக் காத்து—'

சீ. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'தளவாய் கெட்டவர் அல்ல—'

இதையும் அடித்தேன். கெட்டவர் அல்ல என்று யாரும் கேட்காமலே ஆரம்பித்தால் நீங்கள் அந்த ஆளைச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவீர்கள். (இப்போதே ஆரம்பித்துவிட்டீர்கள்.)

மூன்றாவது: 'மரியஅந்தோணி ஒரு திருடன்—'

மரியஅந்தோணிதான் செத்துப்போனவன். இந்த வரியின்மேல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். முற்றுப்புள்ளி வைக்கக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு முன்னால் மழையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

3

தாராவியில் தோல் பட்டறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பவை. பதம் போட்ட தோலைக் கயிற்றில் காயப்போடுவார்கள். பாதி காய்ந்த தோலில் மழைத்துளி விழுந்தால் கறை பிடித்துவிடும், பிறகு அதைச் செருப்புக்குக்கூட எடுக்கமாட்டார்கள். அதனால் அந்தச் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. தூறலை யார் முதலில் பார்த்தாலும் "தோலு, தோலு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டதும் சோற்றில் கை வைத்திருப்பவர்கூட எழுந்து ஓட வேண்டும். எந்தக் கயிறு கிட்டத்தில் இருக்கிறதோ அதிலிருந்து தோலை உருவி ஏதாவது ஒரு கூரைக்குக் கீழே போட வேண்டும். யார் தோல் என்ற பேச்சே கிடையாது. மழை விட்ட பிறகு அடையாளம் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள்.

அந்த நேரத்துக்குப் பூட்டு, வேலி, பழைய சண்டை எதுவும் செல்லாது. கேட் பூட்டியிருந்தால் மூங்கில் வேலியை ஏறிக் குதிப்பார்கள். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவனோடு சந்து பேசாது.*

(* இதற்கு யாராவது நன்றி சொல்வதுண்டா என்று தளவாயிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.)

4

பட்டிமன்றத்துக்குப் பிறகு மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து தளவாய் சொன்னது இது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்கிற இடம் பிறகு வரும், அப்போது சொல்கிறேன்.

அந்த வருஷம் ரூபாய் மதிப்பு விழுந்து எல்லாம் விலை ஏறிப்போனது. தோல் களவு போக ஆரம்பித்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ஹவல்தார், "பகட் கே லாவ், பிர் தேகேங்கே" என்று சிரித்தாராம். பிடித்துக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம். இரண்டு நாள் தளவாயே கம்போடு காவல் படுத்தார். பகலெல்லாம் தோலில் மயிர் போக்குகிற சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர் எவ்வளவு நேரம் விழித்திருப்பார்? கண் அயர்ந்த நேரத்தில் மறுபடியும் போனது. கயிற்றில் தொங்குவதுதான் அவர் வீட்டுச் சோறு. அதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

பட்டறைக்கு வந்த மின்சார லைனிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து மூங்கில் வேலியோடு சுற்றிக் கட்டினார். இரவில் கரண்ட் இருக்கும், தொடாதீர்கள் என்று சந்து முழுக்கச் சொல்லிவைத்தார். இதைக் கவனியுங்கள்: யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர் கம்பி எங்கே வாங்கினது என்று விசாரித்தாராம்.

இரவில் களவு நின்றது. திருடன் பகலில், தளவாய் சாப்பிடப் போகிற நேரத்தில் வர ஆரம்பித்தான். ஒருநாள் மத்தியானம் தளவாய் கேட்டைப் பூட்டி, சுவிட்சையும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பகலில் கரண்ட் போட்டதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொன்னா களவாணிக்கும் தெரிஞ்சுபோகும்லா."

அன்றைக்குக் காலம் தவறி ஒரு மழை வந்தது. பக்கத்துப் பட்டறையில் கூலிக்கு இருந்த மரியஅந்தோணி தளவாயின் வேலிமேல் பாதி உடம்பு அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமுமாகக் கிடந்தான். கையில், வேலியை ஒட்டின கயிற்றிலிருந்து உருவின தோல் ஒன்று இருந்தது.

5

இப்போது என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். கையில் தோலோடு வேலியில் கிடக்கிறவன் மழைக்காக ஓடி வந்தவனாகவும் இருக்கலாம், திருட வந்தவனாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வேலி, ஒரே தோல். மழை முதலில் வந்ததா, அலறல் முதலில் வந்ததா என்பது மட்டும்தான் வித்தியாசம். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த தளவாய்தான் இரண்டையும் கேட்டவர். சந்து முழுக்கச் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம்; கடையில் மற்றவர்கள் ரேடியோவில் காது வைத்திருந்தார்கள்.

தளவாய்மேல் கேஸ் நடக்கிறது. ஜாமீனில் இருக்கிறார். அலறல்தான் முதலில் கேட்டது என்று சொல்லச் சொல்லி வக்கீல் பாடம் நடத்தியிருக்கிறார். திருடன் என்று ஆகிவிட்டால் தண்டனை குறையுமாம். மழைக்கு வந்தவன் என்றால் ஜெயில்தான்.

எது முதலில் என்று நானும் கேட்டேன். போலீஸ் கம்பியை அறுத்துக்கொண்டு போன பிறகு மறுபடியும் தோல் போகிறது என்றார் தளவாய். கட்டலாமா சார் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் வண்டி வந்துவிட்டது, நல்ல வேளை.

6

கதை எழுதுகிறவனுக்கு வெட்கம் கிடையாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாராவிக்குப் போய் மரியஅந்தோணியின் மனைவி செல்வமேரியைப் பார்த்தேன். முப்பது வயதுதான் இருக்கும். நான் பத்திரிகைக்காரன் என்று நினைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். இல்லை என்று நானும் சொல்லவில்லை.

குழாயடியில் இப்போது அவள் குடத்துக்குப் பக்கத்தில் மற்றவர்கள் குடம் வைப்பதில்லை என்றாள். களவாணி பொண்டாட்டி என்று முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. குடத்தை மட்டும் நகர்த்திக்கொள்கிறார்கள். இன்னொன்றும் சொன்னாள். அவன் செத்த பிறகு இன்னொரு நாள் ஒரு தூறல் விழுந்ததாம். சந்தில் ஒருத்தரும் குரல் கொடுக்கவில்லை. அவரவர் தோலை அவரவர் எடுத்துக்கொண்டு, கூரைக்குக் கீழே கையைக் கட்டி நின்றார்களாம். தளவாய் ஒற்றை ஆளாக ஓடி ஓடி எடுத்திருக்கிறார். பாதி நனைந்துபோனது.

என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டேன். கேட்டுவிட்டு, நான் யார் கொடுப்பதற்கு என்று கூச்சமாகப் போய்விட்டது.

"அவ்வொ மழைக்குத்தான் போனாவ. அத தளவாய் அண்ணாச்சி நாலு பேரு முன்னால அவங்க வாயால சொல்லட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பிறகு, "களவாங்கத்தான் போனாவன்னே வச்சுக்கிடுங்க. அதுக்கு ஒரு தோலுக்கு ஒரு ஆளா?" என்றாள்.

பட்டிமன்றத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அந்த அறையில் என் கை எழவில்லை.

7

முதல் பிரதியில் மழையை முதலில் பெய்ய வைத்தேன். மரியஅந்தோணி 'தோலு, தோலு' என்று கத்திக்கொண்டு ஓடுகிறான், வேலியைப் பிடிக்கிறான், சாகிறான். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்று என் மனைவி சொர்ணத்திடம் கொடுத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டே படித்தாள்.

"ஏன்னா, அந்த மனுஷன் நெஜமாவே திருடனா இருந்தா உங்களுக்கு அழுகை வராதோ?"

எனக்குக் கோபம் வந்தது. கதையைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்றேன். ராத்திரி சாப்பிடவில்லை. (சாப்பிட்டேன். மோர் சாதம் மட்டும்.)

அவள் சொன்னது வாஸ்தவம்தான். நான் செய்தது வக்கீல் செய்கிற அதே வேலை. அவர் அலறலை முன்னால் தள்ளுகிறார், நான் மழையை முன்னால் தள்ளுகிறேன். செத்தவன் நல்லவன் என்று ஆகிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் நிம்மதி. கம்பி தப்பு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகலாம். ஆனால் கம்பிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. ஹவல்தாராவது ஏய் என்று ஒரு சத்தம் போடுவார். கையில் கம்போடு நிற்கிற தளவாய்கூட முகத்தைப் பார்த்த பிறகுதான் அடிப்பார். முகத்தைப் பார்த்தால் பாதிப் பேரை அடிக்க முடியாது. பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே கம்பியைக் கட்டினது?

உடனே மறுபக்கமும் தோன்றுகிறது. ஹவல்தார் சிரிக்கிறார், தோல் போகிறது, அந்த மனிதர் என்னதான் செய்வார்? தளவாய் வீட்டில் உலை கொதிக்கவில்லை என்றால் அதற்குப் பட்டிமன்றம் நடத்துவோமா? எனக்கு விடை தெரியாது. தெரிந்தால் கதை எழுதமாட்டேன், கூட்டத்தில் பேசுவேன்.

இரண்டாவது பிரதியில் அவனைத் திருடனாக்கினேன். வெயில் அடிக்கிறது, மேகமே கிடையாது, தோலை உருவுகிறான், சாகிறான். படித்துப் பார்த்தேன். அழுகை வரவில்லை. சொர்ணத்திடம் அதைக் காட்டவில்லை.

8

இனிமேல் வருவது நடக்கவில்லை. தாராவிக்கு நான் மறுபடி போகவில்லை. தளவாய் கம்பியைக் கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. கதையில் நான் கட்டுகிறேன். நேற்றுவரை வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரே வாரத்தில் ஒரு கயிற்றுத் தோல் முழுக்கக் களவு போன பிறகு அவர் கட்டாமல் இருப்பார் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கும். ஜாமீனில் இருக்கிறவர் என்பதால் இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை. மூங்கிலுக்கு உள்பக்கமாக, வெளியே தெரியாதபடி கட்டியிருக்கிறார்.

மத்தியானம். கேட் பூட்டியிருக்கிறது. தளவாய் எதிர்ச்சாரியில் டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். தூறல் விழுகிறது. யாரும் குரல் கொடுக்கவில்லை. சந்தே கூரைக்குக் கீழே கையைக் கட்டி நிற்கிறது.

குழாயடியிலிருந்து செல்வமேரி வருகிறாள். குடத்தை இறக்கிவைக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தோலு, தோலு" என்று சத்தமாகக் குரல் கொடுக்கிறாள். ஒருவரும் அசையவில்லை. அவள் தளவாயின் வேலியைப் பார்த்து நடக்கிறாள். தன் புருஷன் என்ன செய்ய வந்தான் என்பதை அத்தனை பேர் முன்னாலும் செய்து காட்டப் போகிறாள்.

தளவாய் "தொடாத, மேரி" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஆனால் அந்தச் சத்தத்தில் எல்லாம் வெளியே வந்துவிடும். கம்பியில் மறுபடி கரண்ட் இருக்கிறது என்று சந்துக்குத் தெரிந்துவிடும், ஜாமீன் போய்விடும். மழையில் வேலி ஏறுகிறவர் திருடர் இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னதாகவும் ஆகிவிடும். அவள் கேட்டதும் அதுதான்.

முடிவு அ: தளவாய் கத்துகிறார். சொர்ணத்துக்கு இது பிடித்திருக்கிறது. பத்திரிகை ஆசிரியருக்கும் பிடிக்கும். அதனாலேயே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

முடிவு ஆ: தளவாய் கத்தவில்லை. இதை நான்கு வரி எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்—

முடிவு இ: சரியாக அந்த நேரத்தில் கரண்ட் போய்விடுகிறது. இதை யோசித்ததற்காக என்னை நீங்கள் செருப்பால் அடிக்கலாம்.

மூன்றையும் தள்ளிவிட்டேன். இப்போது மழையில் அவள் மட்டும் இருக்கிறாள். வேலி எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டாள், மூங்கிலைப் பிடிக்கக் கையையும் தூக்கிவிட்டாள். கூரைக்குக் கீழே நிற்கிற யாருக்கும் கம்பி விஷயம் தெரியாது. தளவாய்க்குத் தெரியும். எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் படித்துவிட்டதால் உங்களுக்கும் தெரியும். தளவாய் இன்னும் வாயைத் திறக்கவில்லை. நான் பேனாவை மூடிவிட்டேன்.

அவள் பெயர் செல்வமேரி. கூப்பிடுங்கள்.